சேலத்தில் நல்ல ஜப்பானிய சாப்பாடு எங்கே கிடைக்கும்?

கேள்வி: சேலத்தில் நல்ல ஜப்பானிய உணவகம் எது? ஓசூர், பெங்களூரு வரை போனால்தான் கிடைக்குமா? வீட்டில் பாதிப் பேர் சைவம், அவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். சேலத்துக்குள் சுஷியோ (வினிகர் கலந்த சோறு, பெரும்பாலும் மீனோடு) ராமெனோ (சாறில் வரும் நூடுல்ஸ்) வேண்டுமென்றால் பல நாட்டு மெனு வைத்திருக்கும் கஃபேக்களையும் பெரிய ஹோட்டல்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த மாதிரி இடங்களில் மாஸ்டர் மாறினால் ருசியும் மாறிவிடும். இந்த மாதம் பிரமாதமாக இருந்த கடை தீபாவளிக்குப் பிறகும் அப்படியே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் கடைப் பெயர்களை வரிசையாக எழுதுவதைவிட, எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் அதை எடைபோடும் வழியைச் சொல்வது உங்களுக்கு அதிகம் பயன்படும். என் கணக்கில் பார்க்க வேண்டியது இரண்டுதான்: சோறு, டாஷி என்ற அடிப்படைச் சாறு. மீன் அதற்குப் பிறகுதான். கடல் இல்லாத ஊரில் ரொம்பவே பிறகு.

முதலில் அந்தப் பச்சை மீன் விவகாரத்தை முடித்துவிடுவோம். சேலத்துக்கு வரும் கடல் மீன் கிழக்குக் கரையிலிருந்தோ கேரளாவிலிருந்தோ ஐஸ் பெட்டியில் பல மணி நேரம் பயணம் செய்து வருவது. குழம்புக்கும் வறுவலுக்கும் அது தாராளமாகப் போதும். பச்சையாகத் தின்பதற்குப் போதாது. பச்சையாகப் பரிமாறும் மீனில் இருக்கும் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்ல, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ஐத் தொட்டாலே பெரிது; கதவைத் திறந்து மூடுவதில் அதுவும் நிற்காது. தவிர, உறையவைத்தால் புழுதான் சாகும், பாக்டீரியா சாகாது. வஞ்சிரம் வாங்கி வந்து ஃப்ரீசரில் ஒரு வாரம் போட்டுவிட்டு சஷிமி (பச்சை மீன் துண்டுகள்) போடலாம் என்று வீடியோ பார்த்துக் கிளம்புபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மேட்டூர் அணை மீன் நம் ஊரில் ஃப்ரெஷ்ஷாகக் கிடைக்கிறதே, அதைப் போடலாமே என்று ஒரு கேள்வி அடிக்கடி வரும். கூடவே கூடாது. கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் நன்னீர் மீன்கள். நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்றால் கல்லீரல் புழு போன்ற ஒட்டுண்ணிகள் உடம்பில் ஏறும் ஆபத்து உண்டு. உயிரோடு துள்ளினாலும் அந்த ஆபத்து குறையாது.

உணவகத்தில் வரும் சால்மன் உறைந்து வந்தது என்றால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானியர்களே முன்பு சால்மனைப் பச்சையாகச் சாப்பிட மாட்டார்கள், புழு பயம். 1980-களில் நார்வே தன் பண்ணை சால்மனைக் கொண்டுபோய் அங்கே சந்தைப்படுத்திய பிறகுதான் அது சுஷிக்குள் வந்தது. உறைந்து வருவது பிரச்சினையே இல்லை. உருகவிட்டதை மறுபடி உறையவைப்பதுதான் பிரச்சினை. "தம்பி, சால்மன் எப்போ உருக வச்சது?" என்று கேளுங்கள். "இன்னைக்குக் காலைல, ஃப்ரிட்ஜ்ல வச்சு" என்று பட்டென்று பதில் வந்தால் சரி. பரிமாறுபவர் விழித்தால் வெந்த அயிட்டத்துக்கு மாறிவிடுங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு எந்தக் கடையாக இருந்தாலும் பச்சை மீன் வேண்டாம்.

இனி சோறு. சுஷி வந்ததும் சாஸில் முக்குவதற்கு முன் ஒரு துண்டை விரலால் தொட்டுப் பாருங்கள். சோறு உடம்புச் சூட்டில், அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். சில்லென்று, உள்ளே மணி மணியாகக் கடித்தால் காலையிலேயே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தது. ஃப்ரிட்ஜ் குளிரில் சோற்றின் மாவுச்சத்து இறுகிவிடும். மறுபடி அறைச்சூட்டுக்கு வந்தாலும் அந்த மென்மை திரும்பாது. அடுத்து, வாயில் போட்டதும் பருக்கைகள் தனித்தனியாகப் பிரிய வேண்டும். கொழுக்கட்டை மாதிரி ஒரே உருண்டையாக நின்றால் அழுத்திப் பிடித்துவிட்டார்கள். புளிப்பு, இனிப்பு, உப்பு மூன்றும் லேசாகத் தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியாத வெறும் சோறு என்றால் வினிகர் கலக்கவே இல்லை. வினிகர் ருசிக்கு மட்டுமல்ல, அந்தப் புளிப்புதான் சோறு சாதாரண வெப்பத்தில் சில மணி நேரம் கெடாமல் இருக்கக் காரணம். சேலத்து வெயிலில் புளிக்காத சோற்றை வைத்துக்கொண்டு சுஷி விற்பது ஆபத்தான வியாபாரம்.

வெளியே சுற்றியிருக்கும் நோரி என்ற கடல்பாசித் தாள் ரப்பர் மாதிரி இழுத்தால் சுற்றி வைத்து நேரமாகிவிட்டது என்று அர்த்தம். மேலே மயோனைஸும் சிவப்பு சாஸும் கோலம் போட்டாற்போல் ஊற்றி வந்தால், அடியில் எதையோ மறைக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். பச்சை நிற வசாபியைப் பார்த்து மட்டும் எடைபோடாதீர்கள். உலகம் முழுக்கப் பெரும்பாலான கடைகளில் அது குதிரை முள்ளங்கியும் கடுகும் நிறமும் கலந்த கலவைதான்.

டாஷிதான் ஜப்பானியச் சமையலின் அடித்தளம். கொம்பு என்ற காய்ந்த கடல்பாசியும், சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவிய கட்சுவோபுஷியும் சேர்த்து இறக்கும் தெளிந்த சாறு. தூத்துக்குடிப் பக்கத்து மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு அந்த வாசனை புதிதாகவே இருக்காது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொழில்நுட்பம், ஜப்பானில் உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சை ஏற்றி இன்னும் உலர்த்துவார்கள். 1908-இல் கிகுனாயே இகேதா என்ற வேதியியலாளர் இந்தக் கொம்பிலிருந்துதான் குளூட்டமேட்டைப் பிரித்து, அதன் ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். கடையில் டாஷியைச் சோதிக்க மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப் ஒரு கிண்ணம் கேளுங்கள். நல்ல சூப்பில் மிசோ மேகம் மேகமாக எழும்பி, சற்று நேரத்தில் அடியில் படியும். சோளமாவு போட்டுக் கெட்டியாக வந்தால் அது சைனீஸ் சூப்புக்கு உறவு. வெறும் உப்புக் கரிப்பு மட்டும் நாக்கில் நின்றால் வெந்நீரில் மிசோவைக் கரைத்துவிட்டார்கள். இந்த ஒரு கிண்ணம் சரியாக இருந்தால் அந்தச் சமையலறையில் மற்ற எதையும் நம்பிக் கேட்கலாம்.

சைவர்களுக்கு இங்கேதான் சிக்கல். மெனுவில் பச்சைப் புள்ளி இருந்தாலும் டாஷி மீனில் இறக்கியதாக இருக்கலாம். மிசோ சூப், டெம்புராவுக்கு (மாவில் முக்கிப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் சாறு, வறுத்த டோஃபு மேல் ஊற்றும் சாறு, காய்க் கூட்டுகள், உடோன் என்ற தடித்த நூடுல்ஸ் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கும். "மீன் போடாத டாஷியா? கொம்பும் காளானும் மட்டுமா?" என்று சரியாகக் கேட்டால்தான் சரியான பதில் வரும், "வெஜ்ஜா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். சுஷி மேல் தூவும் ஆரஞ்சு மணிகள் மீன் முட்டை. நண்டுக்குச்சி என்று வருவது அரைத்த மீனும் பெரும்பாலும் முட்டை வெள்ளையும். சமையலில் ஊற்றும் மிரின், சாக்கே என்ற அரிசி மது இரண்டிலும் மதுச்சாரம் உண்டு. ராமென் சாறு பல இடங்களில் பன்றி எலும்பில் எடுப்பது. சோயா சாஸில் கோதுமை இருப்பதால் கோதுமை ஒவ்வாதவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. கவலையில்லாமல் கேட்கக்கூடியவை வெள்ளரிக்காய் மாகி (நோரியில் சுற்றிய சோறு), வெண்ணெய்ப்பழ மாகி, உப்பு தொட்டுச் சாப்பிடும் காய் டெம்புரா (மாவில் முட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்), உப்புப் போட்டு அவித்த எடமாமே என்ற பச்சை சோயா.

அசைவம் சாப்பிடுபவர்கள் சேலத்தில் கேட்க வேண்டியது கராகே (ஸ்டார்ச்சில் புரட்டிப் பொரித்த கோழி), சிக்கன் கட்சு கறி (பிரெட் தூளில் பொரித்த கோழியும் ஜப்பானியக் குழம்பும்), ஓயாகோடோன் (கோழியும் முட்டையும் போட்ட சோற்றுக் கிண்ணம்), டெரியாகி (இனிப்புச் சோயா சாஸ் பூசிச் சுட்டது). பார்சலுக்கும் கட்சு கறியும் சோற்றுக் கிண்ண வகைகளும்தான் தாங்கும். ஏப்ரல் மத்தியானம் பைக்கில் வரும் சுஷியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். டெம்புரா பத்து நிமிடத்தில் நமத்துவிடும். கட்சு கறி நம் குழம்பு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போகாமல் பிரிட்டிஷார் வழியாக மெய்ஜி காலத்தில் ஜப்பானுக்குப் போனது. மாவு வறுத்துக் கெட்டியாக்கி, இனிப்பு தூக்கலாக இருக்கும். காரம் கேட்டுக் கெடுக்காமல் ஒரு தடவை அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள்.

பயணம் போவதென்றால்: சேலத்திலிருந்து பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர், தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர் வழி. 160 கிலோமீட்டர் ஓட்டி ஓசூர் வந்துவிட்டவர் மிச்சம் 40-ஐயும் ஓட்டிவிடுவது நல்லது. நகரத்துக்குள் காரில் நுழைய விருப்பமில்லாதவர்களுக்கு ஓசூர் ரோட்டிலேயே பொம்மசந்திராவிலிருந்து 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய மஞ்சள் வழி மெட்ரோ இருக்கிறது. பெங்களூரில் நெடுநாள் பெயர்கள் ரெசிடென்சி ரோட்டின் ஹரிமா, ஐடிசி கார்டினியா ஹோட்டலின் எடோ. எடோவில் பர்ஸ் கனமாக இருக்க வேண்டும். சென்னைக்குப் போகிறவர்களுக்கு நுங்கம்பாக்கம் டாலியா. பிடதியில் டொயோட்டா, ஒரகடத்தில் நிசான் மாதிரி தொழிற்சாலைகள் வந்ததால் பெங்களூரிலும் சென்னையிலும் ஜப்பானியர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாடு தேடி வரும் கடைதான் நமக்கும் நல்ல கடை. கிளம்பும் முன் போன் செய்து கடை திறந்திருக்கிறதா, மதியம் கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பல இடங்களில் மூன்று மணிக்கு முன்பே மதியக் கடையைக் கட்டிவிடுவார்கள், தொப்பூரில் லாரி கவிழ்ந்து நீங்கள் மாட்டிக்கொண்டால் போன காரியம் போச்சு. மதியம் போனால் தெய்ஷோகு என்ற செட் சாப்பாடு கேளுங்கள்: சோறு, மிசோ சூப், ஊறுகாய், ஒரு முக்கியப் பதார்த்தம். தனித்தனியாக ஆர்டர் செய்வதைவிட மலிவு, சோறும் டாஷியும் ஒரே தட்டில் பரீட்சைக்கு வந்துவிடும். சுஷியைப் பார்சல் கட்டி சேலம் கொண்டுவரும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு அலைச்சலுக்கு வீட்டிலேயே செய்தால் என்ன என்றால், பச்சை மீன் இல்லாத மாகியும் கராகேயும் தாராளமாகச் செய்யலாம். சோறுதான் முக்கால்வாசி வேலை.

ஜப்பான் ரகக் குட்டை அரிசி ஆன்லைனில் சுஷி ரைஸ் என்ற பெயரில் வருகிறது. புழுங்கலரிசியும் இட்லி அரிசியும் ஒட்டவே ஒட்டாது. சீரகச் சம்பா பார்க்கக் குட்டையாக இருந்தாலும் உதிரும், அதனால்தான் அது பிரியாணிக்குப் போகிறது. ஜப்பான் ரகம் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பருவத்தின் புதுப் பச்சரிசி வாங்குங்கள். செவ்வாய்ப்பேட்டை அரிசி மண்டியில் "புது அரிசி, குழையணும்" என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். பொங்கலுக்குக் கேட்கும் அதே குணம்தான் இதற்கும் வேண்டும். மகாராஷ்டிரத்து இந்திராயணி அரிசியும் ஓரளவு சரிவரும்.

300 கிராம் அரிசியை தண்ணீர் ஓரளவு தெளியும் வரை நாலைந்து தடவை அலசி, 30 நிமிடம் ஊறவைத்து, வடிகட்டியில் நன்றாக வடியவிடுங்கள். அடி கனத்த பாத்திரத்தில் 330 மில்லி தண்ணீரோடு மூடி கொதிக்கவிட்டு, கொதித்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம், அணைத்து மூடியபடியே 15 நிமிடம். நடுவில் திறந்தால் ஆவி போய் மேல் அடுக்கு வேகாமல் நிற்கும். அதற்குள் 50 மில்லி அரிசி வினிகரில் 25 கிராம் சர்க்கரை, 7 கிராம் உப்பு போட்டு லேசாகச் சூடாக்கிக் கரையுங்கள். கொதிக்க விட்டால் புளிப்பு ஆவியாகப் போய்விடும். மளிகைக் கடை வெள்ளை வினிகர் தொண்டையைப் பிடிக்கும், ஆப்பிள் வினிகர் பரவாயில்லை. சோறு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டி வினிகரை ஊற்றுங்கள், ஆறிய சோறு அதை உறிஞ்சாது, அடியில் குளமாக நிற்கும். ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் கூடாது, புளிப்பு உலோகத்தைத் தின்னும். கரண்டியைப் படுக்கவைத்துக் கிளறாமல், வெட்டுவதுபோல் இறக்கிப் புரட்டி, இன்னொருவரை விசிறச் சொல்லுங்கள். விசிறுவது சோற்றை ஆற்ற மட்டுமல்ல, மேலே இருக்கும் ஈரத்தை ஓட்டி மினுமினுப்பைக் கொண்டுவர. ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டால் மேல் பருக்கை காய்ந்து உள்ளே சூடு நிற்கும். உடம்புச் சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணி போட்டு மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் சுற்றி முடியுங்கள்.

ஏற்காட்டில் வீடு எடுத்துத் தங்கிச் செய்பவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. அங்கே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே 12 நிமிடத்தில் இறக்கினால் பருக்கை நடுவில் அரிசியாகவே இருக்கும். குக்கரில் தண்ணீரை 300 மில்லியாகக் குறைத்து ஒரு விசில், பிறகு அணைத்துப் பிரஷர் தானாக இறங்க விடுங்கள். பனிமூட்டத்தில் நோரியும் நமத்துப்போகும்; ஒவ்வொரு தாளையும் சுற்றும் முன் சூடான தோசைக்கல்லில் சில நொடி காட்டி எடுத்தால் மொறுமொறுப்பு திரும்பும்.

ஏற்காட்டு வெண்ணெய்ப்பழம் மாகிக்கு அருமை, ஆனால் அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் பதத்தில். முழுக்கக் கனிந்தது சுற்றும்போது பிதுங்கும். மல்கோவாவும் அப்படியே, காய் விட்டுப் பழமாகும் தறுவாயில் இருக்க வேண்டும். வெள்ளரிக்காயில் விதைப்பகுதியை வழித்து எறியுங்கள், அந்தத் தண்ணீர்தான் நோரியை நனைக்கும். பாதி நோரித் தாளுக்கு 80 முதல் 90 கிராம் சோறு, மேல் ஓரத்தில் ஒரு விரலளவு இடம் விட்டு. வினிகர் கலந்த தண்ணீரில் கையை நனைத்துப் பரப்புங்கள். ரொம்ப நனைத்தால் சோறு வழுக்கும். ஆறு துண்டாக வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியில் துடைக்காவிட்டால் ஓரம் பிய்ந்துவரும்.

கராகேக்கு நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சில் புரட்டுவார்கள். சேகோ ஆலை ஊரில் மரவள்ளி ஸ்டார்ச்சுக்குப் பஞ்சமில்லை, அதிலும் மொறுமொறுப்பாகவே வரும். 300 கிராம் தொடைக்கறியை, தோலோடு வேண்டும் என்று சொல்லி வாங்கி, எலும்பு எடுத்து, 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு, ஒரு பல் பூண்டு விழுதில் 30 நிமிடம் ஊறவையுங்கள். அதற்கு மேல் ஊறினால் உப்பு ஏறிக் கறி இறுகும். ஈரத்தை வடித்து ஸ்டார்ச்சில் புரட்டி 160 டிகிரி எண்ணெயில் 3 நிமிடம், எடுத்து 4 நிமிடம் வெளியே, பிறகு 185 டிகிரியில் ஒரு நிமிடம். வெளியே வைக்கும் அந்த 4 நிமிடத்தில்தான் உள்சூட்டில் நடுப்பகுதி வேகிறது. ஒரே மூச்சில் வறுத்தால் வெளியே கருகி நடுவில் சிவப்பாக இருக்கும். சைனீஸ் டார்க் சோயா சாஸ் போட்டால் நிறம் கறுத்து, வெந்ததா கருகியதா என்றே தெரியாது.

கையில் மீன் இருந்தால் அயிலையை உப்பிட்டுச் சுடுவதுதான் எளிது. கண் தெளிந்து, செவுள் சிவந்து, வயிறு இறுகியிருக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் கிடந்த அயிலையில் ஹிஸ்டமைன் என்ற நச்சு சேரும். அதைச் சமைத்தாலும் போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து அரிக்கும். உப்பு தடவி 20 நிமிடம் வைத்து, கசியும் தண்ணீரைத் துடைத்துவிட்டுச் சுடுங்கள். துடைக்காததால்தான் பலருக்குக் கவிச்சி அடிக்கிறது.

மிசோ சூப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பை அரை மணி நேரம் ஊறவிட்டு, மெதுவாகச் சூடாக்கி, கொதிக்கும் முன் எடுத்துவிடுங்கள், கொதித்தால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். பிறகு கொதி வந்ததும் அணைத்து 20 கிராம் கட்சுவோபுஷி, இரண்டு நிமிடத்தில் பிழியாமல் வடிகட்டல். சைவத்துக்குக் கொம்போடு நாலு காய்ந்த ஷீடாக்கே காளானை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவைத்தால் போதும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி மிசோ, அடுப்பை அணைத்த பிறகுதான்.

ஜப்பானியர்கள் சுடுசோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றுவதைப் பார்த்து நாமக்கல் முட்டையில் முயற்சி செய்யாதீர்கள். அங்கே முட்டையைக் கழுவி, பச்சையாகச் சாப்பிடும் கெடு தேதி போட்டு விற்கிறார்கள். நமக்கு சால்மொனெல்லா பயம் இருக்கிறது, முழுக்க வேகவைத்ததே நல்லது.

பெங்களூரு போய்த் திரும்பும்போது வாங்கி வர வேண்டியவை நோரி, கொம்பு, மிசோ, அரிசி வினிகர். கொம்பு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வருடம் தாண்டியும் இருக்கும், மேலே படியும் வெள்ளைப் பொடி பூஞ்சை அல்ல, கழுவிவிடாமல் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். மிசோவைத் திறந்த பிறகு மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நிறம் கறுத்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், ருசி கொஞ்சம் அழுத்தமாகியிருக்கும், அவ்வளவுதான்.